ஜஹனாரா சொல்லாத விலாசம்

ஜஹனாராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த மெயில் விவகாரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னாலும் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் பேச்சு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் திருவல்லிக்கேணியிலிருந்தே சொல்கிறேன்.

வாலாஜா மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடிப் போர்ஷன். அப்பா கரீமுல்லா மவுண்ட் ரோட்டில் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை. தெருவுக்குள் வந்துவிட்டால் மனிதர் தலை நிமிர்ந்துதான் நடப்பார். அம்மா ஜமீலுன்னிசா வெளியே அதிகம் வராத பெண்மணி. ஒரே மகள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தாள், டைப்ரைட்டிங் முடித்தாள், பிறகு பனகல் பார்க் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ். வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ், கிளாஸில் இங்கிலீஷ். மூன்றையும் கலக்காமல் பேசுவாள்.

தனியார்களும் இன்டர்நெட் நடத்தலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்த புதிது. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக் கடையின் குடோனுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி வெள்ளைச்சாமி அண்ணாச்சி. சாத்தூர்ப் பக்கம். கீழே புடவை, மேலே இன்டர்நெட். நான் அங்கே ஜெனரேட்டர், பேட்டரி, கேபிள் மூன்றுக்கும் ஆள். ஜஹனாரா முதலில் டெலிபோன் சீட்டில் உட்கார்ந்தாள். லைன் கிடைக்காதவன், கிடைத்த லைன் அறுந்தவன், எல்லோருடைய திட்டும் அவள் காதுக்குத்தான்.

மாம்பலத்திலிருந்து ஒரு மாமா தினம் கூப்பிடுவார். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள் என்பார். "அது கத்தினாத்தான் மாமா நல்லா இருக்குன்னு அர்த்தம். கத்தாம இருந்தா எனக்கு போன் பண்ணுங்க" என்பாள். மறுநாள் அவரே கூப்பிட்டு, "இன்னிக்கு நன்னா கத்தறதும்மா" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

அவள் பொறுமையைப் பார்த்துவிட்டு இன்ஜினீயர் குருபிரசாத் அவளை உள்ளே, மெயிலுக்கெல்லாம் வழி காட்டுகிற ரூட்டர் மிஷின் இருக்கும் அறைக்கு மாற்றினார். மயிலாப்பூர்க்காரர், நல்ல மூளை, கொஞ்சம் சோம்பல். அந்த அறையில்தான் நானும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன்.

"இன்னாம்மா, நாள் பூரா அந்தக் கறுப்பு ஸ்கிரீனையே பாத்துக்கினு கீறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விலாசம் பாக்கறேன் அண்ணே. நம்ம மிஷின் பக்கத்து மிஷின்கிட்ட, 'இந்த விலாசமெல்லாம் என்கிட்ட இருக்கு, அங்க போறதை என்கிட்ட குடு'ன்னு சொல்லும். அது தன் பக்கத்துல இருக்கற மிஷின்கிட்ட சொல்லும். அப்படியே உலகம் பூரா பரவிடும்."

"பட்டா காட்டணுமா?"

"அதான் இல்ல. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. சொன்னா நம்பிடுவாங்க."

"அப்ப கவர்னர் பங்களா என்னுதுன்னு நான் சொன்னா?"

"கவர்னருக்கு வர்ற லெட்டர் பூரா உங்க வீட்டுக்கு வரும்."

"விருந்து சாப்பாடு?"

"அது வராது. போலீஸ் வரும்" என்றாள். சிரித்தோம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று பிறகு ஒருநாள் தெரிந்தது.

அவள் இதை எங்களுக்குள் பேசியதோடு விடவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் குருபிரசாத்திடம் கேட்டாள். அடையாறில் இன்டர்நெட் நடத்துகிற நிறுவனத்தோடு நமக்கு லைன் இருக்கிறது, அங்கிருந்து அடையாறு விலாசம் மட்டும்தான் வரலாம், வேறு எது வந்தாலும் தள்ளிவிட வேண்டும் என்று நம் மிஷினில் கட்டு போட்டுவிடலாம். நமக்கெல்லாம் மேலே இருந்து லைன் கொடுக்கிற பெரிய நிறுவனத்தையும் அதே மாதிரி செய்யச் சொல்லலாம். இதுதான் அவள் சொன்னது.

குருபிரசாத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஊர்ல இந்தத் தொழில்ல இருக்கறதே நாலு பேர். எல்லாரும் தெரிஞ்சவா. அடையாறு அம்பி என்னோட ஒரே பெஞ்சுல படிச்சவன். அவன்கிட்டப் போய் அடையாள அட்டை கேக்கச் சொல்றியா?"

"அம்பி சார் நல்லவர்தான் சார். விரல் தப்பாப் பட்டா?"

"உனக்கு எல்லாத்துக்கும் பூட்டு போடணும். நீ திருவல்லிக்கேணி இல்லை, திண்டுக்கல்."

அன்றிலிருந்து ஆபீஸில் அவளுக்குத் 'திண்டுக்கல்' என்று பெயர். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டாள்.

ஆயுதபூஜை வந்தது. அண்ணாச்சிக்குத் தறியாக இருந்தாலும் தராசாக இருந்தாலும் அன்று ஓய்வு கொடுத்தாக வேண்டும். "வருசம் பூரா ஓடுத மிசினு. பூசை வைக்கையில நிக்காண்டாமா? ஓடிக்கிட்டிருக்கிற மிசினுக்கா பொட்டு வப்பீய?" என்றார். ரூட்டரை நிறுத்தினால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வரும் மெயில் திரும்பிப் போய்விடும் என்று குருபிரசாத் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு. பூஜை முடிகிற வரைக்கும் எங்கள் விலாசங்களை எங்கள் பெயரிலேயே அடையாறு அறிவிக்கும். வருகிற மெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். பூஜை முடிந்து நாங்கள் மிஷினைப் போட்டவுடன் திருப்பிக் கொடுத்துவிடும். குருபிரசாத் போனில் விலாச எண்களைச் சொல்ல, அந்தப் பக்கம் அம்பி எழுதிக்கொண்டார்.

காலையில் ரூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அண்ணாச்சி. பண்டிகை நாளில் யார் இருப்பது என்ற கேள்விக்கு, "நான் இருக்கேன் சார், எங்க வீட்ல இன்னிக்கு விசேஷம் இல்ல" என்று ஜஹனாராவே சொல்லியிருந்தாள். ஜெனரேட்டருக்காக நானும் இருந்தேன். அண்ணாச்சி தன் கையாலேயே ரூட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில், "அண்ணே, இங்க வாங்க" என்றாள். குரல் சரியில்லை.

எங்கள் பெயரில், எங்களுடையது அல்லாத விலாசங்கள் ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தன. தேனாம்பேட்டையில் ஒரு நிறுவனம். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மெயில் நடத்துகிறவர்கள். அவர்களுடைய விலாசம் முழுக்க இப்போது நாங்கள்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வரவேண்டிய அத்தனையும் அடையாறு வரை வந்து அங்கே ஒன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அம்பி தட்டியதில் ஓர் எண் மாறியிருந்தது. மேலே லைன் கொடுக்கிற பெரிய நிறுவனமும் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வாங்கி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது.

அடையாறுக்குப் போன் செய்தாள். எடுக்க ஆளில்லை. தேனாம்பேட்டைக்குச் செய்தாள். அங்கும் பூஜை. பெரிய நிறுவனத்தில் ஒருவர் எடுத்தார். லெட்டர்ஹெட்டில் முதலாளி கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் நாளைக்கழித்துப் பார்க்கலாம் என்றார். எங்கள் மிஷினை நாங்கள் அணைத்தாலும் பயனில்லை. பொய் சொல்லிக்கொண்டிருந்தது அடையாறு மிஷின்.

ஆட்டோ பிடித்து அடையாறு போனோம். ஆபீஸ் பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு மாலை, கீபோர்டின் மேல் பட்டுத் துண்டு, அதன் மேல் குங்குமம்.

வாட்ச்மேன் சொன்னான்: "சாவி அம்பி சார்கிட்ட கீது நைனா. நாளைக்குத்தான் தொறப்பாரு. பூஜை போட்டதைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அங்கிருந்து மயிலாப்பூருக்குப் போனோம். அம்பியின் வீடு சித்திரைக்குளம் பக்கம். கூடத்தில் கொலு. அம்பியின் மனைவி மாளவிகா வாசலுக்கு வந்து, யார் என்று தெரியாமலே ஜஹனாரா கையில் ஒரு தொன்னைச் சுண்டலைக் கொடுத்து, "உள்ள வாம்மா" என்றார். அவள் தொன்னையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அம்பி மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்தார்.

"சார், எண் மாறிப் போச்சு. தேனாம்பேட்டைக்காரங்க விலாசமெல்லாம் எங்க பேர்ல வருது. நீங்க போய் எடுத்துடணும் சார்."

"நான் தட்டினதை ரெண்டு தரம் பாத்தேனேம்மா."

"ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் வந்திருக்கேன் சார்."

அம்பி தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு சரஸ்வதி பூஜை. படிக்கப்படாது, எழுதப்படாது. பூஜையில வெச்சதை எடுக்கவும் படாது. நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனதும் மொதல் காரியமா அதைப் பாக்கறேன். லீவு நாள்ல எவன் மெயில் பாக்கப் போறான்?"

"வெளிநாட்டுல லீவு இல்ல சார். அனுப்பிக்கிட்டே இருப்பாங்க."

எனக்குத் தாங்கவில்லை. "சாமி கோச்சிக்காது சார். தேனாம்பேட்டைக்காரன் கோச்சிப்பான்" என்றேன்.

"தணிகாசலம், நீங்க ஜெனரேட்டரைப் பாருங்கோ" என்றார் அம்பி. கோபமாகச் சொல்லவில்லை. கெட்ட மனுஷனும் இல்லை. பூஜையில் வைத்த கீபோர்டைத் தொட அவருக்கு உண்மையாகவே கை வரவில்லை.

மாளவிகா ஒரு நிமிஷம் புருஷன் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜஹனாரா முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. அம்பி வந்து, பூஜை செய்து, தவறை அழித்துவிட்டார். அழித்தபின் அது இருந்த தடமே இல்லை. ஊர் பார்த்தது எங்கள் பெயரை மட்டும்தான்.

ஒரு நாள் முழுக்கத் தேனாம்பேட்டை நிறுவனத்துக்கு ஒரு மெயிலும் வரவில்லை. அவர்களை நம்பியிருந்த ஏற்றுமதிக்காரர்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அங்கே மேனேஜர் வெங்கடரமணன். விசாரித்தார். எங்கள் பெயரில் அறிவிப்பு, அன்று பணியில் இருந்தவர் ஜஹனாரா. உடனே இந்த ஊரில் நெட்வொர்க் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஒரு மெயில் அனுப்பினார். 'டி.நகர் ஆபீஸ்காரர்கள் எங்கள் விலாசங்களைக் களவாடினார்கள், எங்களுக்கு வந்த மெயில்களைப் படித்திருக்கலாம், பொறுப்பில் இருந்தவர் இன்னார்.' பெயரை முழுசாகப் போட்டிருந்தார்.

அந்த வருஷக் கோடையில்தான் எல்லையில் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. பெயரைப் பார்த்தவுடன் சிலருக்கு அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் நிறையப் பேர். மெயில் மெஸ்ஸுக்கு வந்தது, மெஸ்ஸிலிருந்து டீக்கடைக்கு வந்தது, டீக்கடையிலிருந்து சந்துக்குள் வந்தது. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். செருப்புக் கடையில் ஒருவன், "இன்னா பாய், உம் பொண்ணு யாருக்கோ தகவல் அனுப்பிச்சாமே?" என்று கரீமுல்லாவிடம் கேட்டிருக்கிறான். அவர் காலணியைக் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது என்று பக்கத்துக் கவுண்டர்க்காரர் என்னிடம் சொன்னார்.

எங்கள் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அண்ணாச்சி, குருபிரசாத், வெங்கடரமணன், அம்பி. நானும் கூப்பிடப்பட்டேன். ஜஹனாரா நின்றுகொண்டே பேசினாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

வெங்கடரமணன் கேட்டார்: "இப்படி அடுத்தவன் விலாசத்தைத் தன்னுதுன்னு சொல்ல முடியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"இந்த வேலை பாக்கற எல்லாருக்கும் தெரியணும் சார். வாராவாரம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அப்ப, வழி தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு ஆறது."

கதவு திறந்து கிடக்கிறது என்று கத்தினவளையே, கதவு திறந்து கிடப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொண்டார்கள். நான் குருபிரசாத்தைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தார்.

"அம்பி, உங்க ஆத்துக்கு இந்தப் பொண்ணு வந்தாளா?" என்று கேட்டார் வெங்கடரமணன்.

"வந்தா. வாஸ்தவம். ஏதோ எண் மாறியிருக்குன்னா. நான் தட்டினது சரியாத்தான் இருந்தது."

"அதை இப்ப பாக்க முடியுமா?"

"மறுநாள் எடுத்துட்டேனே."

நான் எழுந்து, அவள் அந்த வாசலில் நின்று என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று சொன்னேன். வெங்கடரமணன் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனா அந்த ஸ்கிரீன்ல என்ன இருந்ததுன்னு உங்களுக்குப் படிக்கத் தெரியாது, இல்லையா?" என்றார். தெரியாதுதான். உட்கார்ந்தேன்.

அப்புறம் குருபிரசாத் வாயைத் திறந்தார். தாமதம்தான், ஆனால் திறந்தார். அவள் சொன்னதெல்லாம் நிஜம், கட்டு போடச் சொன்னாள், நான்தான் சிரித்தேன் என்றார். வெங்கடரமணனின் முகம் இறங்கியது. திருட்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை, இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

"விட்டுடலாம் சார்" என்றாள் ஜஹனாரா. "ஆனா என் பேரைப் போட்டு எல்லாருக்கும் எழுதினீங்க. அதே மாதிரி எல்லாருக்கும், இவ திருடலைன்னு ஒரு வரி எழுதணும்."

"அது எப்படி எழுதறது? நீங்க பண்ணலைன்னா எப்படி நடந்ததுன்னு கேப்பா. யார் வேணா யார் விலாசத்தை வேணா எடுத்துக்கலாம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? நாளைக்கு எவனாவது வேணும்னே பண்ணுவான். எங்க வாடிக்கைக்காரா அத்தனை பேரும் ஓடிப்போயிடுவா."

"அதுக்கு என் பேர்தான் மூடியா சார்?"

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை, தைரியமும் வரவில்லை. "ஏ தாயி, பெரிய இடத்து வம்பு நமக்கு எதுக்கு? கீழ ஜவுளிக் கடையில கம்ப்யூட்டர் பில்லு போட ஆள் வேணும். அங்க உக்காரு. ஊரு நாலு நாள்ல மறந்துரும்" என்றார்.

"ஊர் மறக்கும் அண்ணாச்சி. எங்க தெரு மறக்காது" என்றாள்.

அன்று மாலை அவள் ரூட்டர் அறையில் உட்கார்ந்து தட்டினாள். வேகமாகத் தட்டவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துப் படித்துத் தட்டினாள். வெங்கடரமணன் யார் யாருக்கு எழுதினாரோ அத்தனை பேருக்கும். என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் வேண்டுமானாலும் எப்படிச் செய்ய முடியும், தடுக்க ஒவ்வொருவரும் தன் மிஷினில் என்ன கட்டு போட வேண்டும். அம்பியின் பெயரை மட்டும் எழுதவில்லை. 'அடையாறில் ஒரு நண்பர், பண்டிகை நாளில் செய்த பிழை' என்றுதான் எழுதினாள்.

"பேரைப் போடேம்மா. அந்த ஆளு உன்னைக் காப்பாத்துனாரா?" என்றேன்.

"என் பேரைப் போட்டதால எங்க அப்பா என்ன ஆனார்னு பாத்தீங்கல்ல அண்ணே. அவங்க வீட்லயும் ஆள் இருக்காங்க."

அனுப்பிவிட்டு, மேஜைச் சாவியைக் குருபிரசாத்திடம் கொடுத்தாள். கம்பெனி விஷயத்தை வெளியே எழுதியதற்கு வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாங்க மாட்டேன் என்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் சாவியை ரூட்டரின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கீழே போய் அண்ணாச்சியிடமும் சொல்லிக்கொண்டாள். அவர் எழுந்து நின்றார், இந்த முறை பில் போட உட்காரச் சொல்லவில்லை.

ஒரு வாரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சிலர் அவளைத் திட்டி எழுதினார்கள், ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டாள் என்று. இரண்டொருவர் நன்றி என்று எழுதினார்கள். குருபிரசாத் அவள் சொன்ன கட்டை எங்கள் மிஷினில் போட்டார். பெரிய நிறுவனம் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் குருபிரசாத் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அம்பி எழுதியிருந்தார், அத்தனை பேருக்கும். குருபிரசாத் எனக்குத் தமிழில் சொன்னார். 'அந்த நண்பர் நான்தான். எண்ணைத் தவறாகத் தட்டியது நான். அந்தப் பெண் அன்றே என் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை. விசாரணையில் பயந்துபோய்ப் பொய் சொன்னேன். ஜஹனாராவின் பெயரில் குற்றம் எதுவும் இல்லை.' கீழே தன் முழுப் பெயரும் போட்டிருந்தார். மாளவிகா சொல்லி எழுதினாரோ, தானாகவே எழுதினாரோ, எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அடையாறு ஆபீஸில் அவரை நான் பார்க்கவில்லை.

நேராகத் திருவல்லிக்கேணிக்கு பஸ் ஏறினேன். ஜமீலுன்னிசா அம்மா கதவைத் திறந்தார். ஜஹனாரா வேலைக்கு மனுப் போடப் பட்டினப்பாக்கம் பக்கம் எங்கேயோ போயிருந்தாள். கரீமுல்லா நாற்காலியில் இருந்தார். கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார் போல. முகத்தில் சவரம் இல்லை.

அம்பி எழுதியதைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. எழுந்து போய் வாசல் கதவை முழுக்கத் திறந்தார். மாடி வராந்தாவுக்கு என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். எதிர்ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருந்தது.

"இப்ப இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். "கொஞ்சம் சத்தமா."

எனக்கு இயற்கையிலேயே ஜெனரேட்டரோடு போட்டி போடுகிற தொண்டை. அம்பி எழுதியதை முதல் வார்த்தையிலிருந்து சொன்னேன். சந்தில் சைக்கிளில் போனவன் காலை ஊன்றிக்கொண்டு நின்றான். எதிர்ஜன்னலில் ஒரு கதவு திறந்தது. கரீமுல்லா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பெயர் வருகிற இடத்தில் மட்டும் என் கையை அழுத்தினார். நான் அந்த இடத்தைத் திரும்பவும் சொன்னேன்.